கிணற்று நீரின் தன்மை வழக்கறிஞர் ரகசியமா?

வழக்கறிஞர்–கட்சிக்காரர் ரகசியம் என்று காரணம் காட்டிச் சுற்றுச்சூழல் தகவல்கள் மறுக்கப்படுவது குறித்த தங்கள் தலையங்கம் படித்தேன். வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் சொல்வது காக்கப்பட வேண்டியதே. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், நீர்ப் பரிசோதனை முடிவு சட்ட ஆலோசனை ஆகாது. அரசு வழக்கறிஞரின் கோப்பில் சேர்த்ததாலேயே அது ரகசியமாகிவிடுமா? எங்கள் ஊர்க் கிணறுகளில் எடுத்த மாதிரிகளின் முடிவைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டேன். ‘கோப்பு சட்டக் கருத்துக்காகச் சென்றுள்ளது’ என்ற ஒற்றை வரிதான் பதில். பிள்ளைகள் இன்றும் அந்த நீரைத்தான் குடிக்கிறார்கள்.

2005ஆம் ஆண்டின் அச்சட்டத்தில், மறைக்க வேண்டியதை நீக்கி மீதியைத் தர 10ஆம் பிரிவு வழிசெய்கிறது. பொதுநலன் மேலோங்கினால் விலக்குப் பெற்ற தகவலையும் தரலாம் என்கிறது 8(2). ஆய்வக முடிவுகளைச் சட்டக் கருத்திலிருந்து பிரித்துத் தனிக் கோப்பாக வைத்து, யாரும் கேட்பதற்கு முன்பே ஊராட்சி அறிவிப்புப் பலகையில் ஒட்ட அரசு உத்தரவிட வேண்டும்.