குலசை ஏவுதளப் பகுதி அரசுப் பள்ளி மாணவர்களுக்கு விண்வெளி, பொறியியல் பயிற்சி கோரி மனு

அனுப்புநர்:
பள்ளி மேலாண்மைக் குழுவினர்,
அரசு மேல்நிலைப் பள்ளி, திருச்செந்தூர் வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
தூத்துக்குடி மாவட்டம்.

பொருள்: 9 முதல் 11ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்குச் சனிக்கிழமைப் பயிற்சி வகுப்பு தொடங்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

குலசேகரப்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. இங்கிருந்து தெற்கே ராக்கெட் விட்டால் இலங்கையைச் சுற்றி வளைந்து போக வேண்டியதில்லை, எரிபொருள் மிச்சம் என்பதுதான் இந்த இடத்தைத் தேர்ந்தெடுக்க முக்கியக் காரணம். ஓர் உலக உருண்டையும் நூலும் இருந்தால் இதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு அரைமணி நேரத்தில் புரிய வைத்துவிடலாம். ஆனால் எங்கள் பிள்ளைகளுக்கு இதுவரை தெரிந்தது வேலியும் லாரிகளும்தான்.

எட்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளிகளில் அறிவியல், கணிதச் செய்முறைக்கான வானவில் மன்றம் இருக்கிறது, நன்றாகவே நடக்கிறது. அதற்கு மேல்தான் இடைவெளி. பள்ளி மாணவர்களுக்கான இஸ்ரோவின் இளம் விஞ்ஞானி பயிற்சியான யுவிகாவுக்கு ஒன்பதாம் வகுப்பில் மட்டுமே விண்ணப்பிக்க முடியும். 2019இல் அது தொடங்கியபோது மாநிலத்துக்கு மூன்று பேரைத்தான் எடுத்தார்கள். பிறகு இடங்கள் கூடின, கிராமப்புறப் பள்ளிகளுக்குத் தேர்வில் முன்னுரிமையும் உண்டு. இருந்தும் இணையத்தில் வரும் அறிவிப்பு எங்கள் கண்ணில் படுவதற்குள் கடைசித் தேதி போய்விடுகிறது. கண்காட்சி என்றால் தெர்மாகோல் ராக்கெட்டைத் தாண்டி நாங்கள் போனதில்லை.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளால் முடியுமா என்ற கேள்விக்கு ஏற்கெனவே பதில் இருக்கிறது. நாடு முழுவதும் 75 பள்ளிகளின் 750 மாணவியர் சேர்ந்து செய்த ஆசாதிசாட் செயற்கைக்கோளில் மதுரை மாவட்டம் திருமங்கலம் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி மாணவியரும் பங்கேற்றார்கள். 2022 ஆகஸ்டில் அதைச் சுமந்த, சிறிய செயற்கைக்கோள்களை ஏவும் இஸ்ரோவின் முதல் எஸ்எஸ்எல்வி ராக்கெட் சரியான சுற்றுப்பாதையை எட்டவில்லை. 2023 பிப்ரவரியில் ஆசாதிசாட்-2 போய்ச் சேர்ந்தது. அதே எஸ்எஸ்எல்விக்காகத்தான் குலசை ஏவுதளமே கட்டப்படுகிறது.

ஆகவே திருச்செந்தூர், உடன்குடி, சாத்தான்குளம் ஒன்றியங்களில் ஒன்றியத்துக்கு ஒரு பள்ளி வீதம் தேர்ந்து, மாதம் இரண்டு சனிக்கிழமை தமிழிலேயே வகுப்பு நடத்த ஏற்பாடு செய்யுமாறு வேண்டுகிறோம். சொற்பொழிவு வேண்டாம். பிள்ளைகள் சால்டரிங் பிடிக்கட்டும், தண்ணீர் ராக்கெட் விட்டு உயரத்தைக் கணக்குப் போடட்டும், குளிர்பான டப்பா அளவு மாதிரிச் செயற்கைக்கோளான கேன்சாட் ஒன்றைத் தாங்களே கட்டிப் பார்க்கட்டும். பக்கத்து மாவட்டத்தில் இஸ்ரோ ராக்கெட் இன்ஜின்களைச் சோதிக்கும் மகேந்திரகிரி உந்துவிசை வளாகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற பொறியாளர்களை அழைத்தால் நல்லது. ஆண்டுக்கு ஒருமுறை பிள்ளைகளை அங்கே அழைத்துப்போக அனுமதியும் பேருந்தும் தேவைப்படும். கருவிச் செலவுக்கு மாவட்டத்திலுள்ள பெரிய நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைக் கேட்கலாம். யுவிகா விண்ணப்பத்தைக் கவனிக்கப் பள்ளிக்கு ஓர் ஆசிரியரைப் பொறுப்பாக்கினால் போதும், அதற்குத் தனிச் செலவு இல்லை.

பெண் பிள்ளைகள் இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும் என்பதால் வகுப்பை முற்பகலில் வைக்கக் கேட்டுக்கொள்கிறோம். எங்கள் பள்ளி ஆய்வகத்தைச் சனிக்கிழமைகளில் திறந்து வைக்கும் பொறுப்பை மேலாண்மைக் குழுவே ஏற்றுக்கொள்ளும்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழுவினர்