ஆண்டறிக்கை 2024–25: நடமாடும் மனநல நெருக்கடி உதவிக் குழு

பொதுக்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் 1 முதல் 2025 மார்ச் 31 வரையிலான செயலாளர் அறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது. தீர்மானங்கள் குறிப்பேட்டில் உள்ளன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். அழைப்புகளின் எண்ணிக்கை, பெயரும் தெருவும் இல்லாமல், தனி இணைப்பாக இருக்கிறது. வண்டி எப்படி ஓடியது, எங்கே சறுக்கியது என்பதற்கே இந்த அறிக்கையை வைத்துக்கொள்கிறேன்.

அழைப்புகள் இரண்டு இடத்திலிருந்து வருகின்றன. ஒன்று வீடு. மற்றொன்று பஸ் ஸ்டாண்டு, ரயிலடி, கோயில் வாசல். எங்கிருந்து வந்தாலும் முதல் பேச்சு ஒன்றுதான்: "சீக்கிரம் வந்து தூக்கிட்டுப் போங்க." நம் அடையாள அட்டைக்கு யாரையும் தூக்கிக்கொண்டு போகும் அதிகாரம் கிடையாது. இதை ஊருக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. நம் தன்னார்வலர்களில் சிலருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

போனை எடுப்பவர் கேட்க வேண்டியவை அட்டையில் எழுதி மேசையில் ஒட்டப்பட்டுள்ளன. காய்ச்சல் உண்டா, தலையில் அடிபட்டதா, வலிப்பு வந்ததா, சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவரா, கடைசியாகக் குடித்தது எப்போது, மனநல மாத்திரை நின்று எத்தனை நாள். அதன் பிறகு, கைக்கெட்டும் இடத்தில் அரிவாள், கத்தி, மண்ணெண்ணெய் உண்டா, வீட்டில் குழந்தைகள் எங்கே இருக்கிறார்கள் என்பது. ஆயுதம் இருந்தால் போலீஸுக்கு 112. விஷமோ மாத்திரையோ அதிகம் சாப்பிட்டிருந்தால் உடனே 108. நம் வண்டிக்காகக் காத்திருக்கச் சொல்லக் கூடாது. "நல்லாத்தானே பேசுறான்" என்று வீட்டில் வைத்துக்கொள்வதும், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பதும் ஆபத்து. டப்பாவையோ மாத்திரை அட்டையையோ கையோடு கொண்டுபோகச் சொல்ல வேண்டும்.

இந்த ஆண்டு நாம் செய்த முக்கிய மாற்றம், உடம்பைப் பார்க்காமல் மனசைப் பற்றிப் பேசுவதில்லை என்ற விதி. சம்பந்தப்பட்டவர் சம்மதித்தால் முதலில் சர்க்கரையும் காய்ச்சலும் பார்க்கப்படும். சர்க்கரை 70-க்குக் கீழே இருந்து, விழுங்கும் நிலையில் இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நினைவு மங்கியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. இதிலும் தவறு நடந்தது. பொங்கலோ பஞ்சாமிர்தமோ சாப்பிட்ட விரலைத் துடைக்காமல் குத்தினால் அளவு பொய்யாக ஏறிக் காட்டும். தாழ்ந்த சர்க்கரை கண்ணில் படாமல் போகும். தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுக் குத்துங்கள். வெயிலில் நிற்கும் வண்டியின் டேஷ்போர்டில் சர்க்கரை பார்க்கும் ஸ்டிரிப் டப்பாவை வைத்தால் ஸ்டிரிப் கெட்டுவிடும். இனி அது பொறுப்பாளரின் துணிப்பையில், மூடி இறுக்கி, வண்டியை விட்டு இறங்கும்போது அவரோடே இறங்கும்.

கார்த்திகை மாதத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். தினமும் குடித்தவர் மாலை போட்டதும் ஒரே நாளில் நிறுத்துகிறார். இரண்டாம் மூன்றாம் நாள் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை. சுவரில் பூச்சி ஊருது என்கிறார். வீட்டார் சாமி வந்திருக்கிறது என்கிறார்கள், பக்கத்து வீட்டார் பைத்தியம் என்கிறார்கள். இது குடி நின்றதால் வரும் சித்தப்பிரமை, உயிரைக் கொண்டுபோகக்கூடியது. பொது மருத்துவமனை அவசரப் பிரிவுக்குத்தான் போக வேண்டும். குடிப்பழக்கத்தை மருத்துவரிடம் மறைக்காமல் சொன்னால்தான் அவர் தயமின் (வைட்டமின் பி1) ஊசியை நினைவில் வைத்துக் குளுக்கோஸ் ஏற்றுவார். விரதத்துக்கு முன்பே மருத்துவரைப் பார்த்து நிறுத்தச் சொல்லி, புரட்டாசியிலேயே குருசாமிகளிடம் பேசுவது என்று தீர்மானித்துள்ளோம்.

ஒருவரை அணுகும் முறை. வண்டியை 30 மீட்டர் தள்ளி, போகும் திசை பார்த்து நிறுத்தவும். இரண்டு கை நீளம் விட்டு, எதிரே முகத்துக்கு நேராக இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் நிற்கவும். அவர் உட்கார்ந்திருந்தால் நாமும் குந்த வேண்டும். ஒருவர் மட்டும் பேசுவது. மற்றவர்களின் வேலை கூட்டத்தைக் கலைப்பது. டீ வாங்கித் தருவது நல்லதுதான், ஆனால் ஆற்றி, பேப்பர் கப்பில், முக்கால் அளவு. கொதிக்கக் கொதிக்கக் கொடுத்த டீ திரும்பி நம் முகத்துக்கே வரலாம். பல நாள் பட்டினி கிடந்தவருக்குப் பிரியாணிப் பொட்டலம் வேண்டாம். ஒரு டம்ளர் கஞ்சி அல்லது இரண்டு இட்லி, மீதி மருத்துவர் சொல்வது போல. பட்டினி உடம்பில் திடீரென்று சோறு ஏறினால் ரத்தத்தில் பாஸ்பேட் போன்ற உப்புகள் இறங்கி இதயத்தைப் பாதிக்கும்.

மூட்டை. சாலையில் இருப்பவரின் மூட்டையில் காலி பாட்டில், கந்தல், எங்கோ ஒரு பூட்டின் சாவி, பழைய டிக்கெட், மடித்த மருத்துவச் சீட்டு என்று எதுவும் இருக்கும். நமக்கு அது குப்பை, அவருக்கு வீடு. அதைத் தூக்கி எறிந்தால் அவர் வரமாட்டார், வந்தாலும் பேசமாட்டார். ஊரைக் கண்டுபிடிக்க உதவும் ஒரே துண்டுச்சீட்டும் அதோடு போய்விடும். ஆகவே மூட்டை கூடவே வரும், பெயர்ச்சீட்டு கட்டி, வார்டு பொறுப்பாளரிடம் கையெழுத்து வாங்கி ஒப்படைக்கப்படும். முடி வெட்டுவது, குளிப்பாட்டுவது எதுவும் சாலையில் கிடையாது. புழு வைத்த புண்ணையும் அங்கே கிளறக் கூடாது. சுத்தத் துணியால் மூடி, உள்ளே செவிலியரிடம் விடவும்.

வண்டிக்குள் ஜாக்கி ராடும் கத்தரியும் பூட்டிய பெட்டியில். அழைத்துச் செல்லப்படுபவர் உட்காருவது ஓட்டுநருக்குப் பின்னால் அல்ல, இடப்பக்கம். பெண் என்றால் பெண் தன்னார்வலர் இல்லாமல் வண்டி நகராது. வண்டியில் "மனநலம்" என்று பெரிதாக எழுதியிருந்ததை அழித்துவிட்டோம். எந்த வீட்டு வாசலில் நிற்கிறதோ அந்த வீட்டுப் பெண்ணின் கல்யாணப் பேச்சு நின்றுபோகும் அளவுக்கு அந்த எழுத்து வேலை செய்தது.

சட்டம். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 100: தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாமல் சுற்றித் திரிபவரைப் பாதுகாப்பில் எடுப்பது காவல் நிலையப் பொறுப்பாளரின் கடமை. 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். லாக்கப்பில் வைக்கவே கூடாது. வீடற்றவர் என்றால் காணாமல் போனவர் என்று எப்.ஐ.ஆர். பதிந்து குடும்பத்தைத் தேடுவதும் அவர்கள் கடமை. நடைமுறையில் "எங்க எல்லை இல்ல" என்பதுதான் முதல் பதில். பிளாட்பாரத்துக்குள் ரயில்வே போலீஸ், வெளியே வந்தால் நகரக் காவல் நிலையம். ஆகவே இடத்தைக் குறிக்கும்போது பிளாட்பார எண், மின்கம்ப எண், எதிர்க்கடைப் பெயர் எழுதிக்கொள்ளுங்கள். எப்.ஐ.ஆர். இல்லாமல் சேர்த்தால் "அடையாளம் தெரியாதவர்" என்று பதிவாகி, தேடல் அங்கேயே நின்றுவிடுகிறது. இந்தத் தவறை நாமும் செய்தோம், அவசரத்தில்.

வீட்டு அழைப்பில் பிரிவு 94 உதவும். உயிருக்கு ஆபத்து என்றால், பதிவு பெற்ற எந்த மருத்துவரும் 72 மணி நேரம் வரை அவசர சிகிச்சை தரலாம். நோயாளிக்காக முடிவெடுக்க நியமிக்கப்பட்ட பிரதிநிதி இருந்தால் அவர் சம்மதம் வேண்டும். ஊசி போடுவது மருத்துவர், நாம் அல்ல. சங்கிலி கட்டுவது பிரிவு 95-ன்படி முழுத் தடை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடித் தீயில் 28 பேர் கட்டியபடியே கருகியதை நினைவில் வைத்துக்கொண்டு, சங்கிலி பார்த்தால் அன்றே காவல் நிலையத்துக்கும் மாவட்ட மனநலக் குழுவுக்கும் தெரிவிக்க வேண்டும். மந்திரிப்பு, தர்கா, கோயில் என்று போகிறவர்களோடு வாதாட வேண்டாம். மாத்திரையும் கூடவே ஓடட்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

படம் எடுப்பது பற்றி இந்த ஆண்டும் சச்சரவு. "முன்பு – பின்பு" என்று தாடியோடும் தாடி இல்லாமலும் இரண்டு படம் போட்டால் நன்கொடை வரும் என்பது உண்மைதான். ஆனாலும் சம்மதமில்லாத படம் நம் சமூக வலைதளக் கணக்கில் வெளியாகாது. அடையாளம் காண எடுக்கும் படம் காவல் நிலையத்துக்கும் மருத்துவமனைக்கும் மட்டும்.

மருத்துவமனையில் சேர்த்த பிறகுதான் வேலை நீள்கிறது. வெளிமாநிலத்தவரிடம் "உங்க ஊர் எது" என்றால் பதில் வராது. இந்தி தெரிந்தவர் "தானா" (காவல் நிலையம்) எது, "ஜிலா" (மாவட்டம்) எது, சந்தை எந்தக் கிழமை, ரயில் ஏறும் ஸ்டேஷன் எது என்று கேட்டால் ஒன்றாவது வரும். அந்தக் காவல் நிலையத்துக்குப் போன் போட்டு, நிலைய அதிகாரியிடம் மெதுவாகப் பேச வேண்டும். சிகிச்சை தொடங்கி இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி கேளுங்கள். முதல் நாள் சொன்ன பெயரே மாறும்.

வீடு திரும்பியவர்களில் மறுபடி அழைப்பு வந்ததற்குப் பெரும்பாலும் மாத்திரை நின்றதே காரணம். தீபாவளி, பொங்கல் விடுமுறை வாரங்களில் மருந்து வாங்கும் நாள் தவறுகிறது. ஒரு வாரம் முன்பே போன் செய்து நினைவூட்டும் பொறுப்பு மகளிர் அணிக்கு. ஹாலோபெரிடால் என்ற மனநல மருந்தின் ஊசிக்குப் பிறகு கழுத்து ஒரு பக்கம் முறுக்கி, கண் மேலே செருகினால் அது பேய் இல்லை, மருந்தின் விளைவு. மருத்துவமனையில் போடும் ஒரு மாற்று ஊசியில் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் சரியாகும். மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் மாத்திரை எடுப்பவர்கள் அக்னி நட்சத்திரத்தில் தண்ணீரைக் குறைக்கக் கூடாது. உப்பில்லாப் பத்தியம், மூட்டு வலிக்குக் கடையில் வாங்கும் வலி மாத்திரை இரண்டும் ரத்தத்தில் லித்தியத்தை ஏற்றும். வாந்தி, பேதி, தள்ளாட்டம், நாக்குழறல் வந்தால் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

பணம் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவின் யூஜின் நகரில் 1989 முதல் போலீஸ் இல்லாமல் இதே வேலையைச் செய்த குழு, 2025 ஏப்ரலில் நிதிச் சிக்கலால் அந்நகரில் நின்றுபோனது. டீசலுக்கு நன்கொடையை மட்டும் நம்பக் கூடாது என்ற பொருளாளரின் தீர்மானத்தை ஆதரிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இரவுப் பணிக்குப் பெண் தன்னார்வலர்கள் போதவில்லை. இரவு ஒன்பதுக்கு மேல் பெண்களுக்கான அழைப்பில் பெண்கள் உதவி எண் 181-ஐயும் காவல் நிலையத்தையும் நம்பி நிற்கிறோம். வண்டி தகுதிச் சான்றுக்கு (எஃப்.சி.) போகும் வாரத்தில் ஓடாது. அந்த நாட்களில் பேசுவதற்கு அரசின் மனநல உதவி எண் 14416, வண்டிக்கு 108 என்று சொல்லி, அழைத்தவர் எண்ணைக் குறித்துக்கொண்டு மறுநாள் திரும்ப அழையுங்கள்.

செயலாளர்