கரண்டி பிடிக்கச் சொல்லித் தந்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள டாக்டர், நர்ஸ் அக்கா, இரண்டு பாட்டிமார்கள், உணவியல் படித்த தோழி, எடை பார்க்கும் தங்கச்சி, காப்பகத்து அக்கா, எதிர்வீட்டு அண்ணன் அண்ணி, எல்லோருக்கும் வணக்கம்.

நேரில் நன்றி சொன்னால் "இதுக்கெல்லாமா?" என்று பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். அதனால்தான் இப்படிப் பொதுவில் எழுதுகிறோம். எங்கள் வீட்டுக் கதை இதில் இல்லை. நீங்கள் சொல்லித் தந்ததைக் காரணத்தோடும் அளவோடும் எழுதி வைத்தால், கைக்குழந்தை வைத்திருக்கும் இன்னும் நாலு பேருக்கு உதவும். அறிவுரை சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இல்லை. ஏன் என்று சேர்த்துச் சொன்னவர்கள் நீங்கள் மட்டும்தான்.

முதலில் டாக்டருக்கு. "ஆறு மாசம் ஆகுது, ஆரம்பிக்கலாமா?" என்று யார் கேட்டாலும் நீங்கள் பார்க்கச் சொல்வது நான்கு விஷயங்களை. தலை ஆடாமல் நிற்கிறதா? பிடித்து உட்காரவைத்தால் நிமிர்ந்து இருக்கிறதா? கையில் கிடைத்ததை வாய்க்குக் கொண்டுபோகிறதா? கரண்டி உதட்டில் பட்டதும் நாக்கு அதை வெளியே தள்ளாமல் இருக்கிறதா? நாக்கால் தள்ளுவது பிறவியிலேயே வரும் அனிச்சைச் செயல். பெரும்பாலும் 4 முதல் 6 மாதத்துக்குள் மெல்ல மறைந்துவிடும். அது போகும்வரை ஊட்டியதில் பாதி மோவாயில்தான் இருக்கும். 'பிடிக்கவில்லை போல' என்று நினைத்துத் தினமும் உணவை மாற்றிக்கொண்டே போவதில் அர்த்தமில்லை. ஒரு வாரம் பொறுத்து மறுபடி கொடுத்தால் போதும் என்றீர்கள்.

ஆறு மாதத்தைத் தாண்டித் தள்ளிப்போடக் கூடாது என்பதிலும் அதே அளவு கறாராக இருந்தீர்கள். காரணம் இரும்புச்சத்து. கருவிலிருக்கும் கடைசி மூன்று மாதங்களில் குழந்தை சேர்த்துவைத்த இரும்பு, ஆறு மாத வாக்கில் தீர்ந்துவருகிறது. தாய்ப்பாலில் இருப்பதோ லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. 7 முதல் 12 மாதக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு வேண்டியது சுமார் 11 மில்லிகிராம். பழக்கூழும் வெறும் கஞ்சியும் மட்டும் கொடுத்தால் வயிறு நிறையும், இந்தக் கணக்கு நிறையாது. அதனால் தொடக்க வாரங்களிலேயே இறைச்சி, மீன், முட்டை, பருப்பு, பயறு, இரும்பு சேர்த்த தானிய மாவு இவற்றில் ஏதாவது ஒன்று தினமும் தட்டில் இருக்க வேண்டும். தாவர உணவிலுள்ள இரும்பு உடம்பில் குறைவாகவே சேரும். அதே வேளையில் ஆரஞ்சு, தக்காளி, கொய்யா போல வைட்டமின் சி உள்ளது ஒன்று சேர்ந்தால் கூடுதலாகச் சேரும். டீ அதைத் தடுக்கும். குறைமாதத்திலோ எடை குறைவாகவோ பிறந்த குழந்தைகளுக்குச் சேமிப்பே குறைவு என்பதால் இரும்புச் சொட்டு மருந்து முன்னதாகவே தேவைப்படும்; அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பசும்பாலை ஒரு வயதுக்குமுன் முக்கியப் பானமாகக் கொடுக்க வேண்டாம், சமையலில் கொஞ்சம் சேர்ப்பதில் தவறில்லை என்று நீங்கள் பிரித்துச் சொன்னதும் இதோடு சேர்ந்ததுதான். பாலிலும் இரும்பு குறைவு, அது வயிற்றையும் அடைத்துவிடும்.

பாட்டிகளே, உங்களுக்கு ஒரு கும்பிடு. கரண்டியைச் சாய்த்துப் பார்க்கச் சொன்னீர்களே, அதற்காக. ஓடினால் தண்ணி, ஒட்டிக்கொண்டே நின்றால் கெட்டி, மெல்லச் சரிந்தால் பதம். 'நீர்க்க இருந்தால்தான் செரிக்கும்' என்று பலர் சொல்கிறார்கள். குழந்தையின் வயிறு எடையில் கிலோவுக்குச் சுமார் 30 மில்லிதான் கொள்ளும். 7 கிலோ குழந்தை என்றால் ஒரு வேளைக்கு 200 மில்லி சொச்சம். அதைத் தண்ணீரால் நிரப்பிவிட்டால் எடை எப்படி ஏறும்? கெட்டியாக மசித்து, ஒரு தேக்கரண்டி எண்ணெயோ வெண்ணெயோ கலந்தால் ஏறக்குறைய 40 கலோரி கூடுகிறது, விழுங்கவும் வழுவழுப்பாக இருக்கிறது. உப்பும் சர்க்கரையும் ஒரு வயதுவரை வேண்டாம் என்பதை, நீங்கள் சமைத்த பாத்திரத்திலிருந்தே குழந்தையின் பங்கை உப்புப் போடுமுன் எடுத்துவைத்துக் காட்டினீர்கள். தனிச் சமையலே தேவைப்படவில்லை.

அளவு எல்லோரும் கேட்பதால் இங்கேயே எழுதிவிடுகிறோம். ஆறு மாதத்தில் வேளைக்கு 2, 3 மேசைக்கரண்டியில் தொடங்கி, நாளைக்கு 2, 3 வேளை. எட்டு மாதத்துக்குள் மெல்ல 250 மில்லி கிண்ணத்தில் பாதி வரை போகலாம். 9 முதல் 11 மாதம் வரை அதே அரைக் கிண்ணம், ஆனால் 3, 4 வேளை, பசித்தால் நடுவில் சிறுதீனி. ஒரு வயதுக்குமேல் முக்கால் கிண்ணத்திலிருந்து முழுக் கிண்ணம். தாய்ப்பால் குடிக்கும் 6–8 மாதக் குழந்தைக்கு உணவிலிருந்து வேண்டியது நாளைக்குச் சுமார் 200 கலோரிதான். மீதி பாலிலிருந்து வருகிறது. 'மூணு கரண்டிதான் சாப்பிட்டுச்சு' என்று அழ வேண்டியதில்லை.

மிக்ஸியை எப்போது நிறுத்துவது என்பதிலும் பாட்டிகள் சொன்னதே சரி. ஆறில் வழுவழுப்பு, எட்டில் முள்கரண்டியால் மசித்தது, ஒன்பது பத்தில் மெத்தென்ற சின்னக் கட்டிகள், ஒரு வயதில் வீட்டுச் சாப்பாட்டையே பொடியாக நறுக்கிக் கொடுக்கலாம். பல் வரட்டும் என்று காத்திருப்பவர்கள் அதிகம். ஈறே போதும், நன்றாக மெல்லும். பத்து மாதம் தாண்டியும் அரைத்தே கொடுத்தால், பிறகு கட்டி தட்டுப்பட்டாலே துப்பும் பழக்கம் வந்துவிடும்.

நர்ஸ் அக்கா, உங்களுக்கு நன்றி சொல்ல வார்த்தை தேட வேண்டியிருக்கிறது. குமட்டலுக்கும் அடைப்புக்கும் உள்ள வித்தியாசத்தைத் தெரியாமல் ஊட்ட உட்காரவே கூடாது என்றீர்கள். கைக்குழந்தைக்குக் குமட்டல் உணர்ச்சி நாக்கின் முன்பகுதியிலேயே தூண்டப்படும். வயது ஏற ஏறத்தான் பின்னால் நகரும். அதனால் கொஞ்சம் பெரிய கவளம் போனாலே ஓங்கரித்து, இருமி, முகம் சிவந்து, நாக்கை நீட்டி வெளியே தள்ளும். சத்தம் வருகிறதா, காற்று போகிறது என்று பொருள். கிட்டே இருந்து பார்த்துக்கொண்டிருந்தால் போதும். அந்த நேரத்தில் விரலை விட்டு எடுக்கப் போனால் உள்ளே தள்ளிவிடுவோம்.

அடைப்பு சத்தமில்லாமல் வரும். இருமல் வராது, அழுகை வராது, உதடு நீலம் பாயும். அப்போது செய்ய வேண்டியதை நீங்கள் பொம்மையை வைத்துச் செய்யவைத்தீர்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை முன்கையில் குப்புறக் கிடத்தி, தாடையை விரல்களால் தாங்கி (கழுத்து அழுந்தாமல்), தலை உடம்பைவிடத் தாழ்ந்திருக்கும்படி பிடிக்க வேண்டும். உள்ளங்கையின் அடிப்பகுதியால் இரு தோள்பட்டைகளுக்கு நடுவே பலமாக 5 தட்டு. வெளியே வரவில்லையா, மல்லாக்கத் திருப்பி மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் 5 அழுத்து. வரும்வரை மாற்றி மாற்றி இதையே செய்ய வேண்டும். இன்னொருவர் ஆம்புலன்சை அழைக்க வேண்டும். நினைவு தப்பினால் உடனே சி.பி.ஆர். (மார்பை அழுத்தி, வாய்வழி மூச்சுக் கொடுக்கும் முதலுதவி). பெரியவர்களுக்குச் செய்வதுபோல வயிற்றை அழுத்தினால் கல்லீரல் காயப்படும், இந்த வயதில் அது கூடவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத பொருளுக்காக வாய்க்குள் விரல் விட்டுத் துழாவவும் கூடாது. இதை வாசிப்பவர்கள் வாசித்ததோடு விட்டுவிடாமல், தெரிந்தவர் ஒருவரிடம் ஒரு தரம் செய்து பழகுங்கள்.

அடைக்காமல் பார்த்துக்கொள்ளும் வழியும் உங்களிடமிருந்துதான் வந்தது. கையில் கொடுக்கும் எதையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நசுக்கிப் பார்க்க வேண்டும். நசுங்கினால் ஈறுக்கும் நசுங்கும். ஆறு மாதக் குழந்தை உள்ளங்கையால்தான் பற்றும், ஆகவே வெந்த காரட்டை நம் விரல் நீளத்துக்கு வெட்ட வேண்டும், பிடிக்குமேல் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்க. ஒன்பது பத்து மாதத்தில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து கிள்ளி எடுக்கப் பழகும். அப்போது பட்டாணி அளவு. திராட்சையை நீளவாக்கில் நாலாக வெட்டணும், குறுக்கே பாதியாக வெட்டினால் அதே உருண்டை முகம் மூச்சுக்குழாயை மூடும். வேகாத காரட், வேகாத ஆப்பிள் துண்டு, பாப்கார்ன், முழுக் கொட்டை எதுவும் கிடையாது. படுத்தபடியோ தவழ்ந்தபடியோ சாப்பிடக் கூடாது, ஓடும் காரிலும் வேண்டாம்.

தேன் ஒரு வயதுவரை மருந்துக்குக்கூட வேண்டாம் என்று வந்தவர் போனவரையெல்லாம் தடுத்ததும் நர்ஸ் அக்காதான். அதில் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். வீட்டுச் சமையல் சூட்டில் அவை சாகா. குழந்தையின் குடலில் முளைத்து நச்சை உண்டாக்கினால் தசைகள் தளர்ந்து மூச்சே திணறும்.

ஒவ்வாமை விஷயத்தில் எங்கள் பயத்தைத் தெளியவைத்த தோழிக்கு நன்றி. முட்டையையும் வேர்க்கடலையையும் ஒரு வயதுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது பழைய பாடம். 2015-இல் வெளியான லீப் ஆய்வு அதைப் புரட்டிப்போட்டது. லண்டனில், கடும் கரப்பானோ (எக்ஸிமா என்ற தோல் அரிப்பு) முட்டை ஒவ்வாமையோ இருந்த 4 முதல் 11 மாதக் குழந்தைகள் 640 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு வேர்க்கடலை உணவைத் தொடர்ந்து சாப்பிட்டது, மற்றது ஐந்து வயதுவரை தவிர்த்தது. தவிர்த்தவர்களில் 17 சதவீதம் பேருக்கும், சாப்பிட்டவர்களில் 3 சதவீதம் பேருக்கும் கடலை ஒவ்வாமை இருந்தது. நீ சொன்ன செய்முறை: வழுவழுப்பான கடலை விழுது 2 தேக்கரண்டியை 2, 3 தேக்கரண்டி வெந்நீரில் கரைத்து ஆறவைத்து, நுனிக்கரண்டி கொடுத்துப் பத்து நிமிடம் பார்த்து, மீதியை நிதானமாகக் கொடுப்பது. விழுதை அப்படியே கொடுத்தால் தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். புதியதைக் காலையில் கொடுத்தால் பகல் முழுதும் கவனிக்கலாம். தடிப்பு, முகவீக்கம், மூச்சிரைப்பு எல்லாம் சில நிமிடத்திலிருந்து இரண்டு மணிநேரத்துக்குள் வரும். சில குழந்தைகளுக்கு ஒன்றிலிருந்து நான்கு மணிநேரம் கழித்துத் தொடர் வாந்தி வருவதும் உண்டு. மூச்சிரைத்தாலோ குழந்தை துவண்டாலோ உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். ஒருமுறை ஒத்துக்கொண்டால் வாரத்தில் சில தடவை தொடர்ந்து கொடுக்க வேண்டும். ருசிகாட்டிவிட்டு நிறுத்தினால் பயனில்லை. கரப்பான் கடுமையாக இருந்தால் வீட்டில் தொடங்காமல் மருத்துவரைக் கேட்க வேண்டும். புளிப்புப் பழம் பட்ட இடத்தில் மட்டும் வாயைச் சுற்றிச் சிவப்பது பெரும்பாலும் எரிச்சல்தான்.

எடை பார்க்கும் தங்கச்சிக்கு: ஒரே தராசு, உடுப்பில்லாமல், வளர்ச்சி வரைபடத்தில் ஒரு புள்ளியைப் பார்க்காமல் கோடு போகும் போக்கைப் பார் என்றாய். 15-ஆம் சதமானம் என்றால் நூற்றுக்குப் பதினைந்து மதிப்பெண் இல்லை, நூறு குழந்தைகளை எடை வரிசையில் நிறுத்தினால் கீழிருந்து பதினைந்தாவது இடம்; அந்தக் கோட்டை ஒட்டியே போகிறதா என்பதுதான் கேள்வி. உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வரைபடப்படி, 3 மாதத்திலிருந்து 6 மாதம் வரை மாதத்துக்குச் சுமார் அரைக் கிலோ ஏறும். 9 மாதத்திலிருந்து ஒரு வயதுவரை மாதத்துக்குக் கால் கிலோ ஏறினாலே அதிகம். இந்த வேகக்குறைவு திட உணவு தொடங்கும் காலத்தோடு ஒத்துவருவதால், பழி சாப்பாட்டின்மேல் விழுகிறது. தவழாததற்கும் அப்படித்தான். அதே நிறுவனத்தின் ஆய்வில், கை முழங்கால் ஊன்றித் தவழாமலே நடந்த குழந்தைகள் நூற்றுக்கு நான்கு பேர். தனியே நடப்பது 8 மாதத்திலும் நடக்கும், பதினேழரை மாதத்திலும் நடக்கும். ஒன்பது மாதத்தில் பிடிக்காமல் உட்காரவில்லை, பெயர் சொன்னால் திரும்பவில்லை, வந்த திறமை போய்விட்டது என்றால் மட்டும் காத்திருக்காமல் காட்டச் சொன்னாய்.

காப்பகத்து அக்கா, முகம் சுளிப்பது வேண்டாம் என்பதற்கான அடையாளம் இல்லை, புதுச் சுவைக்கான முகம் அது என்றீர்கள். எட்டுப் பத்துத் தடவை, சில நேரம் பதினைந்து தடவை காட்டிய பிறகுதான் ஏற்றுக்கொள்ளும். என்ன கொடுப்பது, எப்போது கொடுப்பது என்பது நம் கையில். எவ்வளவு என்பது குழந்தை கையில். வாயை மூடினாலோ முகத்தைத் திருப்பினாலோ கரண்டியைத் தட்டிவிட்டாலோ அந்த வேளை முடிந்தது. அரைமணிக்குமேல் இழுக்கக் கூடாது, போனைக் காட்டி ஊட்டவும் கூடாது, ஏனென்றால் படம் ஓடும்போது வயிறு நிறைந்தது குழந்தைக்கே தெரியாது. எச்சில் கரண்டி பட்ட மீதியை மூடிவைக்காமல் கொட்டியதும் நல்ல பாடம். பீட்ரூட் கொடுத்த மறுநாள் டயப்பர் சிவக்கும் என்று முன்கூட்டியே சொன்னதில் டாக்டருக்கு ஒரு ராத்திரி போன் மிச்சம்.

கடைசியாக எதிர்வீட்டு அண்ணன் அண்ணிக்கு. நீங்கள் இரவல் கொடுத்த உயர நாற்காலியில் கால் பலகை இருந்தது. காலுக்குப் பிடிமானம் இருந்தால்தான் இடுப்பு நிலையாக நிற்கும், இடுப்பு நின்றால்தான் கையும் வாயும் ஒழுங்காக வேலைசெய்யும் என்று அண்ணி சொன்னது கண்கூடு. நாற்காலியைத் திருப்பித் தருகிறோம். பட்டையைக் கழற்றித் துவைத்தாயிற்று, தட்டின் அடியில் இருக்கும் திருகு மட்டும் அடிக்கடி தளர்கிறது. அடுத்து யார் வாங்கிக்கொண்டு போனாலும் வாரம் ஒருமுறை அதை முறுக்கிவிடச் சொல்லுங்கள்.

நன்றியுடன்,
பாப்பாவின் அம்மா, அப்பா