அந்த பிஸ்கட் டின்னை லொறியில் ஏற்றாதீர்கள்

மதிப்புக்குரிய தவிசாளர் ஐயாவுக்கும் நூலகக் குழுவில் இருக்கும் பெரியவர்களுக்கும்,

வணக்கம். எதைப் பற்றி எழுதுகிறேன் என்று உங்களுக்கே தெரியும். நம் நூலகத்தின் பின்பக்கத்தில், தகரம் ஒழுகுகிற மூலையில், மூன்று பழைய கம்ப்யூட்டர்களும் நான்கு உரச்சாக்கு நிறையப் புத்தகங்களும் ஒரு பிஸ்கட் டின் நிறைய, அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் கோப்புகளைப் பதிந்து வைத்த ஃபுளொப்பி டிஸ்குகளும் "பாவனைக்கு உதவாதவை" என்று கிடக்கின்றன. செவ்வாய்க்கிழமை பழைய இரும்புக்காரரின் லொறி வருகிறதாம். ஒரு மாதம் பொறுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். நேரில் இரண்டு தடவை வந்து கேட்டேன். இரண்டு தடவையும் கணக்கெடுப்பு முடிந்துவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். அதனால்தான் எல்லோரும் பார்க்க எழுதுகிறேன், எங்காவது வார்த்தை தடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1999 இல் எனக்குப் பதின்மூன்று வயது. சனிக்கிழமை காலையில் தோட்டத்து லயத்திலிருந்து ஐந்து கிலோமீட்டர் நடந்து வந்தால் அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் ஆளுக்கு அரைமணி நேரம் கிடைக்கும். அதில் ஒரு நிமிடம்கூட வீணாகக் கூடாது என்று வாரம் முழுக்கக் கொப்பியில் கியூபேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழியில் நிரல் எழுதி வைத்துக்கொண்டு வருவேன். மைக்ரோசொஃப்ட்டின் பழைய இயங்குதளமான எம்எஸ்-டொஸ் 5 உடன் 1991 இல் வந்தது கியூபேசிக், அதோடு ஒரு கொரில்லா விளையாட்டும் வந்தது. இரண்டு கொரில்லாக்கள் கட்டடங்களின் மேல் நின்று ஒன்றை ஒன்று வாழைப்பழத்தால் அடிக்கும். தொடங்கும்போதே புவியீர்ப்பு எவ்வளவு என்று கேட்கும், பூமிக்கு 9.8. நான் 1.6 கொடுத்தேன், அது நிலாவின் கணக்கு, இப்போது சாக்கில் கிடக்கிற ஒரு விஞ்ஞானப் புத்தகத்தில் பார்த்து வைத்தது. எறிந்த வாழைப்பழம் திரைக்கு வெளியே போனது, வரவே இல்லை. அந்த விளையாட்டின் நிரலைத் திறந்து பார்க்கலாம், நம் இஷ்டத்துக்கு மாற்றவும் செய்யலாம். இதெல்லாம் ஒரு மனுசன் உட்கார்ந்து எழுதுவதுதான், அப்படியென்றால் நானும் எழுதலாம் என்று எனக்குத் தெரிய வந்தது அங்கேதான். இன்றைக்கு என் வீட்டில் உலை கொதிப்பது அந்த அரைமணி நேரத்தால்.

சரி, பழைய பெட்டி, ஓடாது என்பீர்கள். மதர்போட்டில் பற்றவைத்த பற்றரி கசிந்து செம்புக் கோடுகளைத் தின்றுகொண்டிருக்கும், இப்போதே கழற்றிச் சுத்தம் செய்தால் ஒன்றையாவது எழுப்பலாம். அதைவிட எனக்குப் பெரிய கவலை அந்த பிஸ்கட் டின்.

போன வாரம் கெஞ்சிக் கேட்டு ஒரேயொரு டிஸ்கை வாங்கிப் போனேன். லேபலில் நீலப் பேனையால் "சிறுவர் மலர் 1998" என்று இருந்தது. உள்ளே தட்டில் வெள்ளையாகப் பூஞ்சணம், நம்மூர் ஈரத்துக்கு அது வராமல் இருக்குமா? அப்படியே டிரைவில் போட்டால் சுரண்டி எல்லாம் போய்விடும். உலோக மூடியை ஒரு கையால் தள்ளிப் பிடித்துக்கொண்டு, பின்பக்க வட்டத்தை விரலால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி, ஐசோபுரொப்பைல் அல்ககோலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் ஒன்றரை மணி நேரம் துடைத்தேன். 1.44 எம்பி டிஸ்கில் 2,880 செக்டர்கள், அதாவது தகவல் பதிகிற சின்னத் துண்டுகள். இரவு பன்னிரண்டு தாண்டி, ஒன்பது செக்டர்கள் தவிர மற்றதெல்லாம் வந்துவிட்டது. கோப்பைத் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துகள், மெய்யெழுத்து வருகிற இடத்தில் எல்லாம் அரைப்புள்ளி. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு! இப்போது எல்லாக் கம்ப்யூட்டரும் வாசிக்கிற யுனிகோடுக்கு மாற்றினேன். தோட்டத்துப் பிள்ளைகள் எழுதிய பதினாறு கவிதைகள். மழையில் கொழுந்துக் கூடையோடு வருகிற அம்மாவின் காலில் ஒட்டிய அட்டையை உப்பு வைத்து எடுப்பதைப் பற்றி ஒரு பிள்ளை நான்கு வரி எழுதியிருக்கிறாள். அதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அந்த மலர் அச்சில் வந்ததா என்று எத்தனையோ பேரிடம் கேட்டுவிட்டேன், யாரும் பார்த்ததில்லை. டின்னில் இன்னும் நாற்பதுக்கு மேல் டிஸ்க் இருக்கிறது ஐயா.

பழைய டிஸ்கில் என்ன இருந்துவிடும் என்று கேட்பீர்கள். பிரின்ஸ் ஒஃப் பெர்சியா 1989 இல் வந்த கம்ப்யூட்டர் விளையாட்டு. அதன் மூல நிரல் தொலைந்தே போய்விட்டது என்றுதான் அதை எழுதியவரும் நினைத்திருந்தார். 2012 இல் அவருடைய அப்பா பழைய பெட்டி ஒன்றில் அந்த டிஸ்குகளைக் கண்டெடுத்தார், விஷயம் தெரிந்தவர்கள் கூடி வாசித்து எடுத்தார்கள். அந்தப் பெட்டியை யாரும் இரும்புக்கடைக்குப் போடவில்லை, அவ்வளவுதான்.

நம் மலையகச் சனத்துக்குக் காகிதத்தின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1948 இல் இலங்கையில் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது தகப்பன் இங்கே பிறந்த பத்திரத்தைக் காட்டு என்றார்கள், காட்ட இல்லாமல் எத்தனை குடும்பங்கள் நாடற்றுப் போயின. 2023 இல் மலையகத் தமிழர் இங்கே வந்து 200 வருடம் என்று ஊரெல்லாம் மேடை போட்டுப் பேசினோம், எங்கள் வரலாற்றை யாரும் எழுதி வைக்கவில்லை என்று குறைப்பட்டோம். எழுதி வைத்தது ஒன்று கையில் இருக்கும்போது அதை நாமே கிலோ கணக்கில் நிறுத்து விற்பதா? அந்த மூன்று பெட்டிக்கும் சாக்குக்கும் சேர்த்து என்ன விலை பேசியிருக்கிறீர்களோ தெரியாது, அந்தக் காசை நானே தருகிறேன்.

எழுதவந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். நான் கேட்பது ஒரு மாதம், ஒரு மேசை, ஒரு பிளக் பொயின்ட். டிரைவ், பஞ்சு, அல்ககோல் எல்லாம் நான் கொண்டுவருகிறேன், கூலி வேண்டாம். உயர்தரம் படிக்கிற பிள்ளைகள் மூன்று பேர் உதவிக்கு வரத் தயாராக இருக்கிறார்கள். வாசித்து எடுப்பதில் ஒரு பிரதி உங்கள் கையில் இருக்கும். 'நூலகம்' என்ற பெயருள்ள நிறுவனம் 2005 முதல் இலங்கைத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிமமாக்கிச் சேர்த்து வைக்கிறது, நீங்கள் சம்மதித்தால் அவர்களிடமும் கேட்டுப் பார்க்கலாம். அப்புறம் அந்த வெற்று டிஸ்குகளை என்ன செய்தாலும் நான் வாய் திறக்கமாட்டேன்.

தயவுசெய்து செவ்வாய்க்கிழமை லொறியை ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள். கூட்டம் கூடித்தான் முடிவெடுக்க வேண்டும் என்றால் கூடுங்கள், நான் வந்து விளக்கம் சொல்கிறேன். ஆனால் அந்த டின்னை மட்டும் இன்றைக்கே யாரிடமாவது சொல்லி உள்ளே எடுத்து வைக்கச் சொல்லுங்கள் ஐயா. மூன்று நாளாக ராத்திரியில் மழை விடவே இல்லை.

இப்படிக்கு,
உங்கள் நூலகத்தின் பழைய வாசகன்