அட்டையில் எழும்பிய மாமல்லபுரம் கலங்கரை விளக்கம்: உதவியவர்களுக்கு ஒரு நன்றி

எங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்றடி உயரத்துக்கு அட்டையில் செய்த மாமல்லபுரம் கலங்கரை விளக்கம் போன வாரம் பள்ளிக் கண்காட்சியில் விழாமல் நின்றது, விளக்கும் எரிந்தது. என் சாமர்த்தியம் அதில் ரொம்பக் குறைவு.

முதலில் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஐயாவுக்கு. மகிஷாசுரமர்த்தினி குகைக்கு மேலே, பாறை உச்சியில் இருக்கும் ஓலக்கண்ணேஸ்வரர் கோயிலைப் 'பல்லவர் கட்டிய கலங்கரை விளக்கம்' என்று பலகையில் எழுதி வைத்திருந்தேன். கேட்டால் பாதிப்பேர் அப்படித்தான் சொல்கிறார்கள். ஐயா சிரித்துவிட்டு, அது 8ஆம் நூற்றாண்டு, பல்லவ மன்னன் இராஜசிம்மன் காலத்துச் சிவன் கோயிலம்மா, மேல்பகுதி எப்போதோ போய்விட்டது, உயரமான இடமாயிற்றே என்று வெள்ளைக்காரர்கள்தான் அந்தக் கூரையில் விளக்கேற்றினார்கள் என்றார். அழித்து எழுதினோம். (கோயில் தலையில் விளக்குக் கம்பம்! எனக்கு இன்னும் நெருடல்தான்.)

பக்கத்திலேயே 1900இல் தொடங்கி 1904இல் எரிய ஆரம்பித்த இப்போதைய கோபுரம் 26 மீட்டர்தான், மீதி உயரத்தை அது நிற்கும் பாறைதான் கடன் கொடுக்கிறது. பிள்ளைகள் சிவப்பு வெள்ளைப் பட்டை அடிக்கத் துடித்தார்கள். சிற்பி அண்ணன் விடவில்லை. அது பூச்சே இல்லாத கல் கட்டடம், கல்லின் நிறம்தான் அதன் நிறம் என்று சொல்லி, பட்டறையிலிருந்து ஒரு வாளி கல்தூள் கொடுத்தனுப்பினார். பசை தடவித் தூவியதும் அட்டை என்று யாரும் நம்பவில்லை.

அப்புறம், விளக்கின் வெளிச்சத்தை ஒன்றுசேர்த்துத் தூரத்துக்கு அனுப்பும் லென்ஸ். ஃபிரெனெல் என்ற பிரெஞ்சுக்காரர், தடித்த கண்ணாடியின் கனத்தைக் குறைக்க, அதை வளையம் வளையமாகப் படி வெட்டிய மாதிரி அமைத்தார், 1823இல் பிரான்சின் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் முதன்முதலில் வைத்தார்கள் என்று சொல்லிக்கொடுத்தது அறிவியல் டீச்சர் அக்கா. அதோடு விட்டாரா, ஸ்டோர் ரூமில் தூசி படிந்து கிடந்த பழைய புரொஜெக்டரைப் பிரித்து, அதே வளையங்கள் போட்ட பிளாஸ்டிக் தகட்டை எடுத்துக் கையில் கொடுத்தார். பல்பை ஒட்டி வைத்தபோது வெளிச்சம் சிதறியது, கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்த்த, ஒரு இடத்தில் சட்டென்று ஒன்றுகூடி எதிர்ச்சுவரில் போய் விழுந்தது. வகுப்பே கத்தியது.

சிற்பி அண்ணே, வாளியில் இன்னும் பாதித் தூள் இருக்கிறது. எப்போது கொண்டுவந்து தரட்டும்?