வலையில் விமானத் துண்டு ஏறினால்: மீனவப் பஞ்சாயத்தார்களுக்கு ஒரு திறந்த மடல்

நாகை, மயிலாடுதுறை, காரைக்கால் கடற்கரை ஊர்களின் பஞ்சாயத்தார்களுக்கும் விசைப்படகு ஓட்டுநர்களுக்கும் வணக்கம்.

இழுவலையில் விமானத்தின் தகடோ சட்டமோ சிக்கினால், அதைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கடலில் விழுந்து காணாமல் போனவர்களின் தடயமாக அது இருக்கலாம். இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

இரண்டாம் உலகப் போரில், சிங்கப்பூர், ஜாவா சண்டைகளில் சிதைந்துபோன பிரிட்டிஷ் விமானப்படையின் 36-ஆம் ஸ்குவாட்ரன் என்ற படைப்பிரிவை, 1942 அக்டோபரில் நம் தஞ்சாவூரில்தான் வெலிங்டன் என்ற குண்டுவீச்சு விமானங்களோடு மறுபடி உருவாக்கினார்கள். வங்கக் கடலில் எதிரி நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடிப் பறப்பது அவர்கள் வேலை. அந்தப் போரில் தெற்காசிய, கிழக்காசியக் கடல்களின் மேல் பறந்து, உடல்கூடக் கிடைக்காமல் போன விமானப்படையினரின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவிடத்தில் இருக்கின்றன. கல்லறை கிடையாது, பெயர் மட்டும்தான்.

வெலிங்டனை அடையாளம் காண்பது எளிது. துணி போர்த்திய விமானம்; துணி மக்கிவிட்டால் கூடை முடைந்ததுபோல உலோகப் பின்னல் மிஞ்சும். 1940-இன் கடைசி நாளில் ஸ்காட்லாந்தின் நெஸ் ஏரியில் இறங்கி மூழ்கிய ஒன்றை 1985-இல் மேலே எடுத்தபோது அந்தப் பின்னலைப் பார்க்க முடிந்தது. அது நன்னீர். நம் உப்புக் கடலில் மிஞ்சுவது சிறு துண்டாகத்தான் இருக்கும், அதனால்தான் ஒவ்வொன்றும் முக்கியம்.

பழைய போர் மட்டுமில்லை. 2015 ஜூனில் கடலோரக் காவல்படையின் டோர்னியர் விமானம் 3 பேரோடு காணாமல் போனது. ஒரு மாதம் தேடியபின், ஜூலையில்தான் கடலூர், பிச்சாவரம் பக்கத்து ஆழ்கடலிலிருந்து கருப்புப் பெட்டி கிடைத்தது. அந்தக் குடும்பங்களின் தவிப்பு உங்களுக்குப் புரியும். கடலுக்குப் போனவர் திரும்பாவிட்டால், இறந்தார் என்று சட்டம் ஏற்கவே பொதுவாக 7 ஆண்டு ஆகிறது.

சொன்னால் விசாரணை என்று அலைக்கழிப்பார்கள், தொழில் கெடும் என்ற பயம் நியாயமானது. தகவல் தருபவரை அலைக்கழிக்கக் கூடாது, கிழிந்த வலைக்கு ஈடு தர வேண்டும் என்று மீன்வளத் துறையிடம் நீங்கள் கேட்க வேண்டும். நானும் உங்களோடு நின்று கேட்பேன்.

வலை சிக்கிய இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தகட்டில் எண் இருந்தால் சுரண்டாமல் போட்டோ எடுங்கள். உருளை மாதிரி எதுவும் வந்தால் தொடவே வேண்டாம், நீர்மூழ்கிகளைத் தாக்கும் வெடிகுண்டாக இருக்கலாம். உடனே கடலோரக் காவல்படைக்கு 1554, இல்லாவிட்டால் கடலோரப் போலீசுக்கு 1093.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து ஜூன் 15-இல் படகுகள் இறங்குவதற்குள், ஊர்க்கூட்டத்தில் இதைப் பேசி முடிவெடுங்கள்.