பொறியாளர் மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு நண்பர்களுக்கும், நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். மன்றத்தின் கடந்த ஆண்டுப் பணிகளை இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

மாதாந்திர உரைகள் தொடர்ந்து நடந்தன. காற்றாலை பற்றிய உரையில், வீசும் காற்றின் ஆற்றலில் 59.3 விழுக்காட்டுக்கு மேல் எந்தச் சுழலியாலும் எடுக்க முடியாது என்ற பெட்ஸ் வரம்பு விளக்கப்பட்டது. லித்தியம் அயனி பேட்டரி பற்றிய உரை, 1991-இல் சோனி நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்ததில் தொடங்கி, இரும்பு பாஸ்பேட் வகை ஏன் எளிதில் தீப்பிடிப்பதில்லை என்பது வரை சென்றது. மின்கட்டமைப்பு பற்றிப் பேசியவர் 2012 ஜூலை 30, 31 தேதிகளில் இந்தியாவில் ஏற்பட்ட பெரும் மின்தடையை எடுத்துக்கொண்டார். துணைமின் நிலையம் ஒன்றைப் பார்வையிட்டோம். செயற்குழு உரிய காலங்களில் கூடியது.

இனி அளவீட்டு மேசை. இதைப் பற்றிச் செயற்குழுவில் பலமுறை கேள்வி எழுந்ததால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. உரை கேட்கிறோம், கைதட்டுகிறோம், கலைந்து போகிறோம். சொன்னது சரியா என்று அங்கேயே அளந்து பார்க்க ஓர் ஏற்பாடு வேண்டும் என்று நான் முன்மொழிந்தேன். ஒரு சிறிய மையவிலக்கு பம்பு, அதன் வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி., தண்ணீர்த் தொட்டி, வாட் மீட்டர், கம்பியைச் சுற்றிப் பிடித்து ஆம்பியரை அளக்கும் கிளாம்ப் மீட்டர் என்று சில பொருள்களை ஒரே மேசையில் பொருத்தினோம். பெரும்பாலானவை உறுப்பினர்கள் கொடுத்த பழைய சாமான்கள். சொற்பொழிவு மன்றத்துக்கு பம்பு எதற்கு என்று கேட்டார்கள். அதற்கான பதில் இதுதான்.

மின்சிக்கனம் பற்றிய உரையில், பம்பின் வேகத்தை 80 விழுக்காடாகக் குறைத்தால் தேவைப்படும் திறன் ஏறக்குறைய பாதியாகிவிடும் என்றார் பேச்சாளர். வேகத்தின் மும்மடிக்கு ஏற்பத் திறன் மாறும் என்பது நாம் எல்லோரும் படித்த பாடம்தான்: 0.8-இன் மும்மடி 0.512. மேசையில் தண்ணீரைத் தொட்டியிலிருந்து எடுத்து அதே தொட்டியில் விட்டுப் பார்த்தோம். மோட்டாரிலும் வி.எஃப்.டி.யிலும் ஆகும் இழப்பு சேர்ந்ததால், வாட் மீட்டர் பாதியைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டியது. வால்வைப் பாதி மூடி நீரோட்டத்தை அதே அளவுக்குக் குறைத்தபோது அந்தச் சேமிப்பு கிடைக்கவில்லை.

அப்போது ஓர் உறுப்பினர் எழுந்து, தன் ஆலையில் வி.எஃப்.டி. போட்டும் இப்படி மிச்சமாகவில்லையே என்றார். என்னைக் கேட்டால், இந்த ஆண்டின் மிகச் சிறந்த கேள்வி அதுதான். அவருடைய பம்பு உயரத்திலுள்ள தொட்டிக்கு நீரேற்றுகிறது. நாங்கள் உடனே குழாயின் வாயை உயர்த்திக் கட்டினோம். வேகத்தைக் குறைக்கக் குறைக்க நீர் மெலிந்தது, ஓர் இடத்தில் நின்றே போனது. மோட்டார் மட்டும் மின்சாரத்தை இழுத்துக்கொண்டு சுற்றியது. நீரை ஏற்றும் உயரம் மாறாமல் இருக்கும் இடத்தில் மும்மடி விதியை அப்படியே நம்பிக் கணக்குப் போடக்கூடாது என்பது அந்த அரங்கில் இருந்த ஒவ்வொருவருக்கும் கண்ணெதிரே தெரிந்தது. கரும்பலகையில் வரைந்திருந்தால் இவ்வளவு பதிந்திருக்காது.

மின்கட்டணத்தைக் குறைக்கும் என்று விற்கப்படும் பெட்டி ஒன்றையும் இதே மேசையில் சோதித்தோம். உள்ளே இருந்தது ஒரு கெபாசிட்டர். சுமையில்லாமல் ஓடும் மோட்டாரோடு இணைத்ததும் கிளாம்ப் மீட்டரில் ஆம்பியர் இறங்கியது, வாட் மீட்டரோ அசையவில்லை. வீட்டு மீட்டர் யூனிட்டைத்தான் எண்ணுகிறது, ஆம்பியரை அல்ல. திறன் காரணி, அதாவது இழுக்கும் மின்னோட்டத்தில் உண்மையில் வேலைக்குப் பயன்படும் பங்கு, குறைந்தால் அபராதம் கட்டும் ஆலைக்குக் கெபாசிட்டர் பயன்படும், வீட்டுக்காரருக்கு அதனால் கட்டணம் குறையாது. இதைப் பார்த்த மாணவர்கள் சிலர் அடுத்த கூட்டத்துக்கு நண்பர்களையும் அழைத்து வந்தார்கள். மேசைக்கு ஆன செலவு நியாயமானது என்றே இப்போதும் கருதுகிறேன்.

வருத்தமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஹைட்ரஜன் பற்றி உரை வேண்டும் என்று சென்ற பொதுக்குழுவில் பலர் வற்புறுத்தினீர்கள். அதற்கேற்ற ஒருவரைத் தேடிப் பிடித்து அழைத்தோம். நெடுந்தொலைவு பயணம் செய்து வந்தார், மதிப்பூதியமும் வாங்கவில்லை. மின்சாரத்தை ஹைட்ரஜனாக்கி, மறுபடியும் எரிபொருள் மின்கலத்தில் மின்சாரமாக மாற்றினால், போட்டதில் பாதிகூடத் திரும்பாது என்பதை ஒவ்வொரு கட்ட இழப்பாகக் காட்டினார். அப்படியிருந்தும் எஃகு, உரம் போன்ற தொழில்களில் அதன் இடம் ஏன் முக்கியம் என்றும் பொறுமையாக விளக்கினார். கேட்கத்தான் ஆள் இல்லை. வற்புறுத்தியவர்களில் பெரும்பாலோர் வரவில்லை, வர இயலாது என்று ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. காலி நாற்காலிகளின் முன் அவர் பேசியதைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு மிகுந்த வேதனையாக இருந்தது. அவரை மீண்டும் அழைக்க எந்த முகத்தோடு போவது?

சந்தா நிலையும் திருப்தியாக இல்லை. நினைவூட்டல் அனுப்பியும் கணிசமான உறுப்பினர்கள் செலுத்தவில்லை. சிலருக்கு முந்தைய ஆண்டின் பாக்கியும் நிற்கிறது. பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று செயற்குழு முடிவு செய்ததால் வாசிக்கவில்லை. அரங்க வாடகையை உரிய நாளில் கட்ட, செயற்குழுவினர் சிலர் கைப்பணம் போட்டதை மட்டும் பதிவு செய்கிறேன்.

வரவு செலவைப் பொறுத்தவரை, சந்தாவும் நன்கொடையும் வரவாகவும், வாடகை, ஒலிபெருக்கி, அச்சுச் செலவு, மேசை ஆகியவை செலவாகவும் அமைந்தன. வரவுக்குள் செலவை ஒருவாறு அடக்கிவிட்டோம். தணிக்கை செய்யப்பட்ட கணக்கைப் பொருளாளர் சமர்ப்பிப்பார்.

உரையாற்றிய அறிஞர்களுக்கும், அரங்கம் தந்தவர்களுக்கும், ஒலி அமைப்பைக் கவனித்த தம்பிக்கும், தலைவர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்களுக்கும் மன்றத்தின் சார்பில் நன்றி.

வரும் ஆண்டில் வெப்பப் பம்பு, சூரிய மின்தகடுகளின் ஆயுள், பேட்டரி மறுசுழற்சி ஆகியவற்றில் உரை நடத்த விருப்பம். செலுத்தும் மின்சாரத்தைப் போல மூன்று மடங்கு வெப்பம் தரும் வெப்பப் பம்பு ஆற்றல் அழியா விதியை மீறவில்லை, வெளியிலுள்ள வெப்பத்தைத்தான் உள்ளே கொண்டு வருகிறது என்பதை மேசையில் அளந்தே காட்டலாம். ஆனால் அழைப்பு அனுப்புவதும், பேச்சாளரை வரவேற்பதும், மீட்டர்களைச் சரிபார்ப்பதும் ஒருவரே செய்துகொண்டிருந்தால் இது நீடிக்காது. உரைக்குழுவுக்கு இருவர், மேசைக்கு ஒருவர் முன்வந்தால் செயலாளர் பொறுப்பில் தொடர எனக்குத் தடையில்லை. யாரும் வராவிட்டால், புதிய செயலாளரை இன்றே தேர்ந்தெடுப்பது மன்றத்துக்கு நல்லது.

கூட்டம் முடிந்ததும் பொருளாளர் வாசலருகே ரசீதுப் புத்தகத்துடன் இருப்பார். உரைக்குழுவுக்குப் பெயர் கொடுப்பவர்களும் அவரிடமே எழுதிக் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
செயலாளர்